புள்ளிராஜாவுக்கு அப்புறம்

2003-ல் சென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திடீரென்று ஒரு நாள் ஊர் முழுக்க ஒரே கேள்வி. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ கேட்டது யார் என்று பெரிதாகப் போடவில்லை. புள்ளிராஜா யார் என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டார்கள். “யாருண்ணே அது புள்ளிராஜா? கட்சிக்காரரா?” “தெரியலப்பா. ஆனா அந்தாளுக்கு ஏதோ ஆயிருக்கு.” சிலர் புதுப் படத்தின் பெயர் என்று நினைத்தார்கள். சிலர் எதிர்க்கட்சி போட்ட போஸ்டர் என்றார்கள். கேள்வி பஸ்ஸில் ஏறி, காலேஜ் கேன்டீனுக்குப் போய், பிறகு கிண்டலாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. லேட்டாக வீடு திரும்பிய ஆசாமிகளுக்கெல்லாம் கொஞ்ச காலம் புள்ளிராஜா என்றுதான் பெயர்.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 2002 கடைசியில் மும்பையில் ‘பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று இந்தியில் கேட்டார்கள். பி.எஸ்.ஐ. என்ற தொண்டு நிறுவனத்தின் வேலை அது. பல்பீர் பாஷாவின் முகத்தைக் காட்டவே இல்லை. யாரோ இரண்டு பேர் அவனைப் பற்றி வம்பு பேசுவார்கள், அவ்வளவுதான். குடித்துவிட்டால் அவனுக்கு ஆணுறை மறந்துபோகிறதாமே, அப்ப வருமா? அவன் ஒரே ஒரு பெண்ணிடம்தானே போகிறான், அப்ப வருமா? அந்தப் பெண் பார்க்க நல்ல ஆரோக்கியமாகத்தானே இருக்கிறாள், அப்ப வருமா? மூன்றும் அச்சுக் கோத்த மாதிரி அப்போது ஆண்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்த சமாதானங்கள். அந்தச் சமாதானங்களைப் பிடுங்கி பஸ் ஸ்டாப்பில் ஒட்டிவிட்டார்கள்.

தமிழில் பெயர் இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ‘பெரும்புள்ளி’யில் பாதியும் ஒரு ராஜாவும். கொஞ்சம் பசை உள்ள ஆள், கொஞ்சம் மைனர், எந்த ஜாதி, எந்த ஊர் என்று தெரியாத ஆள். யாரும் ‘என்னைச் சொல்கிறார்கள்’ என்று சண்டைக்கு வர முடியாது. அதே சமயம் யாரும் முழுசாகத் தப்பிக்கவும் முடியாது.

நல்லவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ‘குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியே போகமுடியவில்லை, இது என்னப்பா என்று கேட்கிறார்கள்’ என்றார்கள். நியாயமான கஷ்டம்தான். ஆனால் குழந்தை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறுவது அப்பாக்களின் பிரச்னையே தவிர, போஸ்டரின் பிரச்னை இல்லை. எனக்கு அந்த விளம்பரத்தைப் பற்றி வேறு குறை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அது எதற்கு மாற்றாக வந்தது என்று பார்க்கவேண்டும்.

1990-களின் சுவர்களை நினைத்துப் பாருங்கள். மண்டை ஓடு. குறுக்கே இரண்டு எலும்பு. நீல நிறத்திலோ கறுப்பிலோ ஒரு பேய். ‘எய்ட்ஸ் ஓர் ஆட்கொல்லி நோய்.’ அதற்குப் பக்கத்தில், ‘ஒருவனுக்கு ஒருத்தி.’ சர்க்கார் ஆஸ்பத்திரி காம்பவுண்டு, ரேஷன் கடை, ஹைவே ஓரத்து கல்வெர்ட் எல்லாவற்றிலும் இதே ஜோடி. படித்தவர்களுக்கு என்ன புரிந்தது? வந்தால் சாவு. வந்தவன் கெட்டவன். இதைத் தவிர ஒரு தகவலும் அதில் இல்லை. எப்படி வரும் என்று இல்லை. எங்கே டெஸ்ட் செய்யலாம் என்று இல்லை. வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கண்டிப்பாக இல்லை. வந்தவனுக்காக எழுதப்பட்டவையே இல்லை அவை. வராதவனைப் பயமுறுத்த எழுதப்பட்டவை. பயந்தவன் என்ன செய்வான்? டெஸ்ட் செய்துகொள்ள மாட்டான். பக்கத்து வீட்டில் ஒருவன் இளைத்துப்போனால் அவனோடு பேச்சை நிறுத்துவான். இரண்டும் நடந்தன.

ஒரு நல்ல விளைவும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சலூன்கள் மாறின. அதுவரை ஒரே கத்தியைத் தோல் வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கே ஷேவிங் செய்துகொண்டிருந்தார்கள். “அண்ணே, புது பிளேடு போடுங்க” என்று கேட்கிற தைரியம் எய்ட்ஸ் பயத்தில் வந்ததுதான். அரை பிளேடு உடைத்து மாட்டுகிற கத்தி வந்தது. சந்தோஷம். ஆனால் இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சலூனில் எச்.ஐ.வி. தொற்றுகிற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. தமிழ்நாட்டில் அது பரவிய முக்கியமான வழி படுக்கை. சத்தமாகப் பேசக்கூடிய வழியை ஊரே அடைத்துவிட்டது. பேசக்கூடாத வழி திறந்தே கிடந்தது.

‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற வாசகத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சம் தனி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கம்பன் காலத்து வாசனை. ஆனால் நோய்த் தடுப்பு வாசகமாக அது ஒரு பொய் உறுதிமொழி. அதைப் படிக்கிற குடும்பப் பெண் என்ன நினைப்பாள்? ‘நான் ஒருவனோடுதான் வாழ்கிறேன், எனக்கு ஒன்றும் வராது.’ சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த 134 பெண்களின் விவரங்களைத் தொகுத்து, 2000-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. எல்லோரும் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள். அவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வாழ்க்கையில் ஒரே ஓர் ஆணோடு மட்டும் வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் இல்லத்தரசிகள். சுவரில் எழுதியிருந்ததை வரி பிசகாமல் கடைப்பிடித்தவர்கள். வாசகம் கேட்டது ஒருத்தியிடம் மட்டும்தான். ஒருவனிடம் அல்ல.

இந்த இடத்தில் புள்ளிராஜா பத்து அடி முன்னால் நிற்கிறார். விரலை முதல் முறையாக ஆணை நோக்கி நீட்டிய தமிழ் போஸ்டர் அது. உபதேசம் இல்லை, பேய் இல்லை, கேள்வி மட்டும்.

என் குறை இதுதான். கேள்வியை ஊரே பேசியது. பதிலை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. ‘வருமா?’ என்று கேட்டவர்களில் எத்தனை பேர், பிறகு வந்த விளக்க விளம்பரங்களைப் படித்தார்கள்? டீசர் என்ற விளம்பர வகையின் பலவீனம் இது. பசியைத் தூண்டிவிட்டுச் சாப்பாட்டை வேறு தெருவில் பரிமாறுவது. அதோடு, அதுவும் இன்னொரு வகையில் பழைய தவறையே செய்தது. எய்ட்ஸ் என்றால் புள்ளிராஜாக்களுக்கு வருவது என்று ஆக்கிவிட்டது. புள்ளிராஜாவின் மனைவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

*

இந்த நோய் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட கதை தெரியாதவர்களுக்காக. 1985 வாக்கில் நம் பெரியவர்களுக்கெல்லாம் ஓர் உறுதி இருந்தது. எய்ட்ஸ் அமெரிக்காக்காரன் சமாச்சாரம், நம் பண்பாட்டில் அது வராது. அப்போது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், “இதையே உன் ஆய்வாக எடுத்துக்கொள்ளேன்” என்ற பொருளில் சொன்னார். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் ஊக்கம் கொடுத்தார். பாலியல் தொழிலாளிகளைத் தேடி, அவர்கள் அடைக்கப்பட்டிருந்த விடுதிக்குப் போய், ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்! பாலுக்கும் தயிருக்கும் பக்கத்தில் இந்திய மருத்துவ வரலாறு.

சென்னையில் பரிசோதனை வசதி கிடையாது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. அங்கே வைரஸ் துறையின் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான். பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. மஞ்சள் என்றால் இருக்கிறது. யாரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பத் திரும்பச் சோதித்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதிசெய்தார்கள். அந்த வருஷம் மே மாதம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். பலர் நம்பவில்லை. டெஸ்ட்டில்தான் ஏதோ தப்பு என்றவர்களும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நோய்த் தடுப்பின் முதல் படி இதுதான். போய்ப் பார்ப்பது. ‘இங்கே இருக்காது’ என்று எல்லோரும் சொல்லும்போது ஊசியும் ட்யூபும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது. விழிப்புணர்வு என்ற வார்த்தையை நாம் இப்போது பேரணிக்கும் உறுதிமொழிக்கும் ஒதுக்கிவிட்டோம். விழித்தவர் என்றால் நிர்மலாதான். சுனிதி சாலமன் பிற்பாடு சர்க்கார் வேலையை விட்டு ஒய்.ஆர்.ஜி. கேரை 1993-ல் ஆரம்பித்தார். 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், இறந்த பிறகு. நம் வழக்கப்படி.

*

இனி டிசம்பர் 1-க்கு வருவோம். அந்தத் தேதிக்கு என்ன விசேஷம்? யாருடைய பிறந்த நாளும் இல்லை. எதுவும் கண்டுபிடிக்கப்பட்ட நாளும் இல்லை. காசநோய் தினமான மார்ச் 24, ராபர்ட் காக் 1882-ல் கிருமியை அறிவித்த நாள். நீரிழிவு தினமான நவம்பர் 14, இன்சுலின் கண்டுபிடித்த பான்டிங்கின் பிறந்த நாள் (நமக்கு அது நேரு மாமா நாள். ஸ்கூலில் சாக்லேட் கொடுத்து நீரிழிவு தினம் கொண்டாடும் ஒரே தேசம் நாமாகத்தான் இருக்கும்). டிசம்பர் 1-க்கு அப்படி ஒன்றுமில்லை.

ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் பன், தாமஸ் நெட்டர் என்ற இரண்டு பேர் 1987-ல் யோசித்தது இது. பன் முன்னாள் டி.வி. நிருபர். அவர் கணக்குப் போட்டார். 1988-ல் அமெரிக்கத் தேர்தல் நவம்பரில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் களேபரம் டிசம்பர் நடுவில்தான் ஆரம்பிக்கும். இடையில் பத்திரிகைகளுக்கும் டி.வி.க்கும் செய்திப் பஞ்சம். அந்த இடைவெளியில் ஒரு நாளை நுழைத்தால் போடுவார்கள். டிசம்பர் 1, 1988. முதல் உலக எய்ட்ஸ் தினம்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எத்தனை நேர்மையான காரணம்! செய்தியில் வருவதற்காக ஒரு நாள். அப்போது அது தேவையாகவும் இருந்தது. பெயரைச் சொல்லவே ஆட்சித் தலைவர்கள் கூச்சப்பட்ட நோய் அது. வருஷத்துக்கு ஒரு நாளாவது மந்திரி மேடையேறி அந்த வார்த்தையை உச்சரிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது டிசம்பர் 1.

தினங்களே வேண்டாம் என்று சொல்கிறவர்களின் கட்சியில் நான் இல்லை, இதனால்தான். ஒரு நாள் என்று குறித்துவிட்டால் அதற்கு ஒரு ஃபைல் வரும். ஃபைல் வந்தால் பட்ஜெட் வரும். வருஷம் பிறந்தால் போன வருஷம் என்ன ஆச்சு என்று யாராவது ஒரு நிருபர் கேட்பார். கேட்க ஒரு தேதி இருப்பதே பெரிய விஷயம். மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைடிஸ் பி-யும் ஊசி, ரத்தம், உடலுறவு, பிரசவம் என்று ஏறக்குறைய இதே வழிகளில்தான் பரவுகிறது. தடுப்பூசியும் இருக்கிறது. அதற்கும் ஜூலை 28 என்று ஒரு நாள் உண்டு. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் நாள் வந்து என்ன நடக்கிறது என்பதில்தான் விமர்சனம். காலை ஏழரை மணிக்கு ஸ்கூல் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார்கள். கலெக்டர் கொடியசைப்பார். சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு உறுதிமொழி. மனிதச் சங்கிலி. மாலையில் ஒரு ஹாலில் கருத்தரங்கம், சமோசா, டீ. மறுநாள் பேப்பரில் போட்டோ. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், என்ன தெரிந்துகொண்டாய் என்று. “எய்ட்ஸை ஒழிப்போம் அங்கிள்.” எப்படி? சிரிப்பு. இந்த நாலு எழுத்துக் கேள்வியைத் தாண்டிய எய்ட்ஸ் பேரணியை நான் இதுவரை பார்க்கவில்லை. சிவப்பு ரிப்பனை 1991-ல் நியூயார்க்கில் சில ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். நண்பர்களைத் தினம் ஒருவராகப் புதைத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த ரிப்பனைத்தான் நாம் தெர்மகோலில் வெட்டி வைக்கிறோம்.

இந்த நாட்டுக்கு ஒரு நாளை எப்படி நடத்துவது என்று தெரியாதா? தெரியும். போலியோ சொட்டு மருந்து ஞாயிறு. அதைப்போல ஒரு நாள் உலகத்தில் வேறெங்கும் அதிகம் கிடையாது.

அதன் யோசனையிலும் வேலூருக்குப் பங்குண்டு. ரத்த மாதிரிகள் மஞ்சளானபோது அங்கே இருந்த அதே ஜேக்கப் ஜான், 1980-களில் வேலூர்ப் பகுதியில் இந்த முறையைச் செய்துகாட்டியவர்களில் முதன்மையானவர். தத்துவம் எளிது. தனித்தனியாக அவரவர் வசதிக்கு மருந்து கொடுத்தால், வைரஸ் ஒரு குழந்தையிலிருந்து இன்னும் மருந்து பெறாத குழந்தைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஊரில் இருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டால் அதற்கு ஒதுங்க இடமில்லை. அதாவது, இங்கே அந்த ‘நாள்’ என்பது விளம்பரம் இல்லை. நாள்தான் மருந்தின் பாதி. எல்லோரும் ஒரே நாளில் வரவேண்டும் என்பது மருத்துவக் காரணம்.

1995 டிசம்பர் 9-ல் தேசம் முழுக்க ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், சத்துணவுக் கூடம், கோயில் வாசல் எல்லா இடத்திலும் ஒரு மேஜை, ஒரு நீலப் பெட்டி, இரண்டு பெண்கள். இரண்டு சொட்டு. இடதுகை சுண்டுவிரலில் மை. மறுநாள் வீடு வீடாக வந்து விரலைப் பார்ப்பார்கள். “ஏற்கெனவே நாலு தடவை போட்டாச்சும்மா.” “பரவால்லக்கா, இன்னிக்கும் போட்டுக்குங்க.” அத்தனை பிடிவாதம். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளம் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் இயற்கைப் போலியோவின் கடைசி கேஸ். 2014 மார்ச் 27-ல் சான்றிதழ் கொடுத்தார்கள்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். சொட்டு மருந்து ஞாயிறன்று வந்த அம்மாவிடம் யாரும் உறுதிமொழி வாங்கவில்லை. போலியோவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தையோடு வந்தாள், மை வைத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்தது. எய்ட்ஸுக்குச் சொட்டு மருந்து கிடையாதே என்பீர்கள். கிடையாது. ஆனால் டெஸ்ட் இருக்கிறது. ஒரு விரல் நுனி ரத்தம். பேரணிக்கு ஆயிரம் பேரைத் திரட்டுகிற மாவட்ட நிர்வாகம், அந்த ஆயிரம் பேரின் அப்பாக்களில் நூறு பேரை அன்று டெஸ்ட்டுக்கு வரவழைத்தால் அது ஒரு நாள். மற்றது ட்ராஃபிக் ஜாம்.

*

சரி, சுவர் விளம்பரம், பேரணி, புள்ளிராஜா, இத்தனையும் சேர்ந்து ஏதாவது நடந்ததா? நடந்தது. இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

2006-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. விகிதம் 2000-ல் 1.7 சதவிகிதம். 2004-ல் 1.1. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இளம் பெண்களை ஏன் பார்க்கிறார்கள் என்றால், அந்த வயதில் இருப்பது பெரும்பாலும் புதுத் தொற்று. பழைய கணக்கு கலக்காது. ஆண்கள் பாலியல் தொழிலாளிகளிடம் போவது குறைந்திருக்கலாம், போனாலும் ஆணுறை அணிவது கூடியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காரணம் ஊகித்தார்கள். மூடி மறைக்காமல் 1994-லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கு என்று தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு. அதன் பங்கு இதில் கண்டிப்பாக உண்டு.

இதில் புள்ளிராஜாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. லாரி ஸ்டாண்டுகளில் ஆணுறைப் பெட்டி வைத்தவர்கள், பாலியல் தொழிலாளிகளே சக தொழிலாளிகளிடம் போய்ப் பேசியது, ரத்த வங்கிகளைச் சீர்திருத்தச் சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, இவை எல்லாம் சேர்ந்த கலவை. காசுக்கு ரத்தம் விற்பதை 1998 ஜனவரி 1-லிருந்து நிறுத்தியது அந்தத் தீர்ப்புதான். போஸ்டர் இல்லாமல், ஒரு சட்ட உத்தரவால் பரவல் வழி ஒன்று அடைபட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘50 லட்சத்துக்கு மேல், 57 லட்சம்’ என்றெல்லாம் இந்தியாவைப் பற்றிப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். 2007-ல் கணக்கிடும் முறையைச் சீராக்கியபோது எண்ணிக்கை சுமார் 25 லட்சத்துக்கு இறங்கிவிட்டது! யாரும் குணமாகவில்லை, யாரும் சாகவில்லை, கால்குலேட்டர்தான் மாறியது. எண்களை வைத்துப் பயமுறுத்துகிற போஸ்டர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து கொஞ்சம் அவநம்பிக்கை.

உண்மையான திருப்பம் 2004 ஏப்ரல் 1. கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த நாள். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. அதுவரை அங்கே சாக வந்தவர்கள், அதற்குப் பிறகு மாத்திரை வாங்க வந்தார்கள். வந்தால் சாவு என்று எழுதின சுவர் அன்றே பொய்யாகிவிட்டது. ஆனால் யாரும் போய் அதை அழிக்கவில்லை. பெயிண்ட் தானாக உதிரும் வரை காத்திருந்தோம்.

*

2018-க்கு வருகிறேன். அந்த வருஷம் உலக எய்ட்ஸ் தினத்துக்கு முப்பதாண்டு நிறைவு. தலைப்பு, ‘உங்கள் நிலையை அறிந்துகொள்ளுங்கள்’. டிசம்பர் 1 அன்று வழக்கமான பேரணிகள் எல்லாம் நடந்தன. அடுத்த சில நாட்களுக்குள் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ரத்தசோகையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது.

ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2016-ல், ஒரு முகாமில் அவர் ரத்ததானம் செய்திருந்தார். அந்த ரத்தத்தில் தொற்று இருப்பது தெரிந்து ஒதுக்கியும் இருக்கிறார்கள். ஆனால் தகவல் அவரைப் போய்ச் சேரவில்லை. அவரது நிலையை ஒரு ரிஜிஸ்டர் அறிந்திருந்தது. அவர் அறியவில்லை. 2018-ல் உறவினர் ஒருவருக்காக மறுபடி ரத்தம் கொடுத்தார். இந்த முறை சோதனையும் கோட்டைவிட்டது. பிறகு வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் செய்தபோது அவருக்குத் தெரியவந்தது. தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னது. ‘என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்.’ அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தனக்கு வந்தது தெரிய வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், வயிற்றில் இருந்த குழந்தைக்கும் பாதுகாப்புச் சிகிச்சை கிடைத்திருக்காது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15-லிருந்து 45 சதவிகிதம். சிகிச்சை இருந்தால் 5-க்கும் கீழே. ஒரு போன் காலின் மதிப்பு அந்த வித்தியாசம். முப்பது வருஷமாக நாம் ‘விழிப்புணர்வு’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது எதுவோ, அதை அந்தப் பையன் தனியாகச் செய்தான். நாம் அவனுக்கு என்ன செய்தோம்? ஊரும் பேச்சும் சேர்ந்து அவனை உயிர் வாழ விடவில்லை. தற்கொலைக்கு முயன்று, அந்த மாதமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் நஷ்டஈடு கொடுக்க மறுவருஷம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இந்த நோயாளிகளைப் பாகுபடுத்துவது குற்றம் என்று 2017-ல் சட்டம் போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துத்தான் இது நடந்தது. சட்டம் வந்த செய்தியை எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை.

மண்டை ஓட்டையும் எலும்பையும் வரைந்ததற்கு நாம் கொடுக்கிற வட்டி இது. முதல் தலைமுறைக்கு ஊட்டிய பயம் இரண்டாவது தலைமுறையின் ரத்தத்திலும் ஓடுகிறது. நோய் மாத்திரைக்குள் அடங்கிவிட்டது. பெயர்தான் அடங்கவில்லை.

இன்றைக்குப் புதிதாக ஒரு போஸ்டர் எழுத என்னைக் கூப்பிட்டால் (கூப்பிடமாட்டார்கள்), பேய் வேண்டாம், ராஜாவும் வேண்டாம், ஒரே ஒரு தகவலைப் போடுவேன். ஒழுங்காகத் தினம் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் பரவுவதில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருஷக்கணக்கில் கவனித்து உறுதிசெய்தது இது. டாக்டர்களுக்குத் தெரியும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், கேள்விப்பட்டே இருக்கமாட்டார். டெஸ்ட்டுக்குப் பயப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் சொல்ல முடியாது. டெஸ்ட் செய், இருந்தால் மாத்திரை சாப்பிடு, கல்யாணம் பண்ணிக்கொள், குழந்தை பெற்றுக்கொள். இதை எழுத ஹோர்டிங் சைஸுகூட வேண்டாம்.

இது பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அந்தச் சாத்தூர்ப் பையனின் தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த டெஸ்ட் செய்கிற இடத்துக்குத் தமிழில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அழகான பெயர், யார் வைத்தார்களோ. இலவசம், ரகசியம். பெரும்பாலும் கட்டடத்தின் பின்பக்கம், எக்ஸ்ரே ரூமைத் தாண்டி இருக்கும். வாசலில் வழி கேட்டால் கொஞ்சம் உரக்கவே திருப்பிக் கேட்பார்கள், “எது, எய்ட்ஸ் டெஸ்ட்டா?” என்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்கு போன் செய்து விசாரித்துக்கொண்டு போகலாம். காசு கிடையாது. பெயர் சொல்ல வேண்டியதில்லை.